மூன்று முறை வெட்டியும் மீண்டும் சுருங்கிய சிறுநீர்க் குழாய்: நான்காவது முறை வெட்டுவதா, யூரெத்ரோபிளாஸ்டிக்குப் போவதா?

கார்முகில் | ஞாயிறு, இரவு 11.20

வணக்கம். எனக்கு வயது 41. ஆறு ஆண்டுகளுக்கு முன் வேறொரு நோய்க்காக மருத்துவமனையில் இருந்தபோது பத்து நாள் கதீட்டர் போட்டிருந்தார்கள். வீடு திரும்பிய சில மாதங்களில் சிறுநீர் நூல்போல் இறங்கத் தொடங்கியது. யூரெத்ராவில், அதாவது சிறுநீர் வெளியே வரும் குழாயில், ஸ்ட்ரிக்சர் (தழும்பால் வரும் சுருக்கம்) என்றார்கள்.

முதலில் கம்பி விட்டு விரித்தார்கள். பிறகு கேமராவில் பார்த்தபடி உள்ளேயே வெட்டித் திறந்தார்கள். முதல் வெட்டு பதினான்கு மாதம் தாங்கியது. இரண்டாவது ஐந்து மாதம். மூன்றாவது ஏழே வாரம். சென்ற வாரம் யூரோஃப்ளோ (சிறுநீர் இறங்கும் வேகத்தை அளக்கும் சோதனை) பார்த்ததில் உச்ச வேகம் வினாடிக்கு 6 மில்லி. கழித்து முடித்த பிறகும் சிறுநீர்ப்பையில் 140 மில்லி மிச்சம். நான்காவது முறை வெட்டலாம், அதன்பின் வாரம் ஒரு முறை நானே கதீட்டர் விட்டு வழியைத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும் என்கிறார் மருத்துவர்.

யூரெத்ரோபிளாஸ்டி என்று குழாயைத் திறந்து சீரமைக்கும் அறுவை சிகிச்சை இருப்பதாகவும், அதில் கன்னத்தின் உட்புறச் சவ்வை எடுத்துக் குழாயில் வைத்துத் தைப்பார்கள் என்றும் படித்தேன். வாயையும் புண்ணாக்கிக்கொண்டு கீழேயும் சரியாகாமல் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. இதை வீட்டில்கூட முழுதாகச் சொல்லவில்லை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.


பொறுமைசாலி | திங்கள், காலை 6.05

நண்பரே, உங்கள் பதிவைப் படித்தபோது நான்கு ஆண்டுகளுக்கு முந்தைய என்னையே பார்த்தேன். எனக்கு இரண்டு வெட்டு, எண்ணிக்கை மறந்துபோன அளவுக்கு டைலேஷன் (கம்பி விட்டு விரிப்பது). கடைசியில் கன்னச் சவ்வு வைத்துத்தான் சரியானது.

ஒரே ஒரு கேள்வி. சாய மருந்து செலுத்தி எக்ஸ்ரே எடுத்தார்களா? ஆர்.ஜி.யு. என்பார்கள். சுருக்கம் எந்த இடத்தில், எத்தனை சென்டிமீட்டர் என்று உங்களிடம் யாராவது சொல்லியிருக்கிறார்களா?


கார்முகில் | திங்கள், காலை 7.40

முதல் முறை எடுத்தார்கள். "சிறிய சுருக்கம்" என்றுதான் எழுதியிருக்கிறது. அதன்பிறகு எடுக்கவில்லை. நீளம் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது.


கூர்நோக்கு | திங்கள், மதியம் 2.15

நான் சிறுநீரகவியல் அறுவை மருத்துவர். உங்களை நேரில் பரிசோதிக்காமல் எதையும் முடிவாகச் சொல்ல மாட்டேன். ஆனால் நீளம் தெரியாமல் மூன்று முறை வெட்டியிருக்கிறார்கள் என்பதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

முதலில் ஒரு தெளிவு. சிறுநீரகத்திலிருந்து பைக்கு இறங்கும் குழாயையும் தமிழில் சிறுநீர்க் குழாய் என்றே சொல்கிறோம். இங்கே பேசுவது அதையல்ல, பையிலிருந்து வெளியே வரும் யூரெத்ராவைப் பற்றி. ஆண்களுக்கு அது ஏறத்தாழ 18 முதல் 20 செ.மீ. நீளம். அதன் முன்பகுதியைச் சுற்றிலும் ரத்தம் நிறைந்த பஞ்சுத் திசு உறைபோல் இருக்கிறது. ஸ்ட்ரிக்சர் என்பது குழாயின் உள்தோல் மட்டும் தடிப்பதல்ல. அந்தப் பஞ்சுத் திசுவே தழும்பாக இறுகிப்போவது. தழும்பின் இயல்பு சுருங்குவது.

உள்ளே வெட்டும்போது தழும்பை நாம் அகற்றுவதில்லை, பிளந்து வைக்கிறோம், அவ்வளவுதான். பிளந்த இடத்தின்மேல் புதிய உள்தோல் படர்ந்து மூடுவதற்கும், அடியிலுள்ள தழும்பு மறுபடி சுருங்குவதற்கும் இடையே ஒரு போட்டி நடக்கிறது. தழும்பு ஆழமில்லாமல், குறுகலாக இருந்தால் உள்தோல் வெல்லும். தழும்பு நீளமாக, ஆழமாக இருந்தால் தோற்கும். தோற்கும்போது அந்த வெட்டே கூடுதல் தழும்பாகிவிடும். பதினான்கு மாதம், ஐந்து மாதம், ஏழு வாரம் என்று நீங்கள் எழுதிய கணக்கு இதைத்தான் சொல்கிறது.

அமெரிக்க சிறுநீரகவியல் சங்கம் 2016-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், முன்பகுதிச் சுருக்கம் ஒரு முறை வெட்டியோ விரித்தோ திரும்பி வந்துவிட்டால் அதையே திரும்பத் திரும்பச் செய்யாமல் யூரெத்ரோபிளாஸ்டியை முன்வைக்கச் சொல்கிறது. நீங்கள் அந்தக் கட்டத்தைத் தாண்டி வெகு தூரம் வந்துவிட்டீர்கள்.


நாணல் | திங்கள், மாலை 5.30

எல்லாரையும் பெரிய அறுவை சிகிச்சைக்குத் தள்ளாதீர்கள். எனக்கு ஒரே ஒரு முறை வெட்டினார்கள். ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன, ஒரு தொல்லையும் இல்லை. மறுநாளே வீட்டுக்கு வந்தேன்.

கூர்நோக்கு ஐயாவுக்கு ஒரு கேள்வி. பிரிட்டனில் ஓபன் என்ற பெயரில் ஓர் ஆய்வு நடந்தது. 2020-இல் முடிவு வெளிவந்தது. பல்பார் பகுதியில், அதாவது விதைப்பைக்குப் பின்னால் வரும் குழாய்ப் பகுதியில், சுருக்கம் திரும்பி வந்த 222 ஆண்களை இரு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு வெட்டும் மறு பிரிவுக்கு யூரெத்ரோபிளாஸ்டியும் செய்து பார்த்தார்கள். 24 மாதங்களில் நோயாளிகள் சொன்ன அறிகுறிகளில் இரு பிரிவுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இதை ஏன் சொல்லாமல் விட்டீர்கள்?


கூர்நோக்கு | திங்கள், இரவு 9.50

சொல்லியிருக்க வேண்டும், நீங்கள் கேட்டது நியாயம். அதே ஆய்வின் மற்றப் பாதியையும் சேர்த்துப் படியுங்கள். மறு சிகிச்சைக்குப் போக வேண்டிய வாய்ப்பு யூரெத்ரோபிளாஸ்டி பிரிவில் ஏறத்தாழப் பாதியாக இருந்தது. வெட்டிக்கொண்டவர்களில் பலருக்கு நடுவில் இன்னொரு சிகிச்சை தேவைப்பட்டது.

உங்களுடைய ஒன்பது ஆண்டுகளை நான் மறுக்கவில்லை. பல்பார் பகுதியில், 2 செ.மீ.க்குள், முதல் முறையாக வெட்டப்படும் சுருக்கம் என்றால் வெற்றி விகிதம் ஆய்வுக்கு ஆய்வு 35 முதல் 70 சதவீதம் வரை வருகிறது. நீங்கள் அந்தப் பக்கம் விழுந்தவர், மகிழ்ச்சி. முதல் வாய்ப்பாக வெட்டைத் தருவதில் தவறில்லை. ஆனால் கார்முகில் கேட்பது நான்காவது வெட்டைப் பற்றி. மூன்றாவதுக்குப் பிறகு நிலைத்த பலன் கிடைப்பது மிக அரிது.

தானே கதீட்டர் விட்டுக்கொள்வதையும் நான் இகழவில்லை. வயது முதிர்ந்தவர், மயக்க மருந்து தாங்காதவர், அறுவை வேண்டாம் என்று தெரிந்தே முடிவு செய்தவர், இவர்களுக்கு அது நல்ல வழி. ஆனால் அது வழியைத் திறந்து வைக்கும் முறை, நோயைத் தீர்க்கும் முறையல்ல. இந்த வேறுபாட்டை நோயாளியிடம் சொல்லிவிட்டுத்தான் கையில் கதீட்டரைக் கொடுக்க வேண்டும்.

கார்முகில், இப்போதே நான்காவது வெட்டுக்குச் சம்மதிக்காதீர்கள். இன்னொன்று: படம் எடுப்பதற்கு முன் யாரும் மறுபடி விரிக்க வேண்டாம். விரித்த சூட்டோடு எடுக்கும் படம் பொய் சொல்லும். நான்கு முதல் பன்னிரண்டு வாரம்வரை குழாய்க்குள் எந்தக் கருவியும் போகாமல் ஓய்வு கொடுத்தால்தான் தழும்பின் உண்மையான நீளம் தெரியும். அதற்குள் சிறுநீர் முழுதும் நின்றுவிட்டால் அடிவயிறு வழியாகப் பைக்குள் குழாய் வைப்பார்கள். அதைக் கண்டு பயப்படாதீர்கள். அந்த ஓய்வைத் தருவதே அதுதான். காய்ச்சல் குளிரோடு வந்தாலோ, பை நிரம்பி வலித்தும் இறங்காவிட்டாலோ காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.


கார்முகில் | ஆறு வாரம் கழித்து, புதன், மாலை 4.10

நன்றி ஐயா. இந்த அறுவை சிகிச்சையைத் தொடர்ந்து செய்கிற வேறொரு மருத்துவரைப் பார்த்தேன். நல்லவேளையாக நடுவில் முழு அடைப்பு வரவில்லை. இன்று இரண்டு படங்கள் எடுத்தார்கள்: சாயத்தைக் கீழிருந்து செலுத்தி ஒன்று, பையை நிரப்பிக் கழிக்கச் சொல்லி ஒன்று. பல்பார் பகுதி, 3.5 செ.மீ.

இதில் ஒன்று புரியவில்லை. கெட்டுப்போன துண்டை வெட்டி எடுத்துவிட்டு இரு முனைகளையும் சேர்த்துத் தைத்துவிட்டால் போதாதா? எதற்காக வாயைத் தொட வேண்டும்?


கூர்நோக்கு | புதன், இரவு 10.30

நல்ல கேள்வி. சுருக்கம் குட்டையாக இருந்தால் நீங்கள் சொல்வதுதான் மிகச் சிறந்த முறை. தழும்பை முழுதாக எடுத்து, நல்ல முனைகள் இரண்டையும் சாய்வாக அகட்டிச் சேர்க்கும்போது வெற்றி 90 சதவீதத்துக்கு மேல். பல்பார் குழாய் ஓரளவு இழுபடும் என்பதால் இது முடிகிறது. ஆனால் அதற்கும் எல்லை உண்டு. பொதுவாக 2 செ.மீ. வரை. அதற்கு மேல் வெட்டி இழுத்துத் தைத்தால் தையலில் இறுக்கம் விழும், விறைப்பின்போது உறுப்பு வளையும். ஆண்குறிப் பகுதியில் இருக்கும் சுருக்கத்துக்கு இதைச் செய்யவே கூடாது, அங்கே நீளத்தை இழக்க இடமில்லை.

துண்டாக வெட்டும்போது பஞ்சுத் திசுவின் ரத்த ஓட்டமும் அறுபடுகிறது என்ற கவலையும் இருக்கிறது. அதனால் பஞ்சுத் திசுவை முழுதாக அறுக்காமல் உள்ளிருக்கும் தழும்பை மட்டும் நீக்கிச் சேர்க்கும் முறையை ஆண்ட்ரிச், மண்டி ஆகிய இருவரும் 2012-இல் விவரித்தார்கள். குட்டையான சுருக்கங்களுக்கு இப்போது பலர் அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

உங்களுடைய 3.5 செ.மீ.க்குக் குழாயை நீளவாக்கில் திறந்து, குறைந்துபோன அகலத்தை ஒட்டுச் சவ்வால் ஈடுகட்ட வேண்டும். சட்டை இறுகிவிட்டால் பக்கத்தில் பிரித்துத் துணி கொடுத்துத் தைப்பதுபோல. துணி எங்கிருந்து வருவது என்பதுதான் கேள்வி. தோலை வைத்துப் பார்த்தார்கள். முடி முளைத்தது, ஈரத்தில் ஊறிக் கெட்டது. கன்னத்தின் உட்புறம் அப்படியல்ல. எப்போதும் ஈரத்தில் இருந்து பழகியது. முடி கிடையாது. மேற்படலம் தடிப்பு, அடிப்படலம் மெல்லியது, நுண்ணிய ரத்த நாளங்கள் நிறைந்தது. வைத்த இடத்தில் முதல் இரண்டு நாள் அது சுற்றியுள்ள திரவத்தை உறிஞ்சியே உயிர் வாழும். அடுத்த இரண்டு நாளில் அடியிலுள்ள நாளங்களோடு அதன் நாளங்கள் இணையும். கன்னச் சவ்வு இந்த நான்கு நாளை நன்றாகத் தாண்டிவிடுகிறது.

இது புதிய மோகம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சபேஷ்கோ என்ற அறுவை மருத்துவர் 1894-லேயே வாய்ச் சவ்வை யூரெத்ராவுக்குப் பயன்படுத்தினார். ஹம்பி 1941-இல் பிறவிக் குறைபாட்டுச் சிகிச்சைக்குப் பயன்படுத்தினார். பிறகு ஐம்பது ஆண்டுகள் ஏறக்குறைய மறந்தே போனார்கள். தொண்ணூறுகளில்தான் அது திரும்பி வந்தது.

சவ்வை எந்தப் பக்கம் வைப்பது என்பதில் அறுவை மருத்துவர்களிடையே நீண்ட விவாதம் உண்டு. பார்பாக்லி 1996-இல் குழாயின் மேல்பக்கத்தைத் திறந்து, சவ்வை விறைப்புத் திசுவின்மேல் விரித்துத் தைத்தார். அடியில் உறுதியான படுக்கை இருப்பதால் சவ்வு மடங்காது, பை போலத் தொங்காது. அதே ஆண்டில் மோரி, மெக்கானிஞ்ச் இருவரும் கீழ்ப்பக்க முறையை வெளியிட்டார்கள். பஞ்சுத் திசு தடிப்பாக இருக்கும் உட்பகுதிக்கு அது எளிது. ஆக்ராவின் அசோபா 2001-இல் வேறொரு வழி சொன்னார்: கீழிருந்து திறந்து, உள்ளிருந்தே மேல்சுவரைப் பிளந்து, அந்தப் பிளவில் சவ்வைப் பதிப்பது. குழாயை அதன் படுக்கையிலிருந்து பெயர்க்கவே வேண்டியதில்லை. புனேயின் குல்கர்னி ஒரு பக்கத்தை மட்டும் பிரித்து, மறு பக்கத்தின் நாளங்களையும் நரம்புகளையும் தொடாமல் விடும் முறையைக் கொண்டுவந்தார். எனக்கு அதுவே பிடித்தது. ஆனால் நேர்மையாகச் சொன்னால், மேலா கீழா என்பதில் வெற்றி விகிதம் பெரிதாக மாறுவதில்லை. இரண்டுமே நடுத்தரக் காலத்தில் 85 முதல் 90 சதவீதத்தை ஒட்டித்தான் நிற்கின்றன. உங்கள் மருத்துவருக்கு எது கை பழகியதோ அது உங்களுக்கு நல்லது.


பொறுமைசாலி | வியாழன், காலை 5.50

ஐயா படம் வரைந்ததுபோல் சொல்லிவிட்டார். நான் பட்டதைச் சொல்கிறேன்.

முதல் வாரம் கீழே வலித்ததைவிட வாய்தான் வலித்தது. இதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. முதல் இரண்டு நாள் குளிர்ந்த திரவம், பிறகு மென்மையான உணவு. நான்காம் நாள் பேச முடிந்தது, பத்தாம் நாள் நன்றாக மென்றேன். கன்னத்தில் மரத்த உணர்வு சில மாதம் இருந்து போய்விட்டது. மேல் கடைவாய்ப்பல்லுக்கு எதிரே உமிழ்நீர்ச் சுரப்பியின் வாய் இருக்கிறதாம். அதைத் தொடாமல் எடுப்பார்கள். புகைக்கிறவர், புகையிலை மெல்லுகிறவர் என்றால் இப்போதே விட்டுவிடுங்கள், சவ்வின் தரமே கெடும்.

அறுவை நடந்த மேசையில் கால்களை மேலே தூக்கி வைத்திருப்பார்கள். எழுந்த பிறகு என் இடது பாதத்தின் மேல்பக்கம் இரண்டு வாரம் உணர்ச்சியில்லாமல் இருந்தது. நரம்பு அழுந்தியது காரணம், தானாகச் சரியானது. நீங்கள் பதறிவிடக் கூடாதே என்பதற்காகச் சொல்கிறேன்.

மூன்று வாரம் கதீட்டர். அதை எடுக்கும் நாளில் மறுபடி சாயம் விட்டுப் படம் எடுத்து, கசிவு இல்லை என்று பார்த்த பிறகே எடுத்தார்கள். இதைச் செய்யாமல் எடுக்கச் சம்மதிக்காதீர்கள்.


தூறல் | வியாழன், மதியம் 12.25

என் கணவருக்காக எழுதுகிறேன். அவர் இதைப் பற்றி யாரிடமும் பேச மாட்டார். முன்தோலில் வெள்ளைத் திட்டுகள் வந்து இறுகி, பிறகு துவாரத்திலிருந்து உள்நோக்கிச் சுருக்கம் ஏறிவிட்டது. லைக்கன் ஸ்கிலிரோசஸ் என்றார்கள். ஓரிடத்தில் ஆண்குறித் தோலையே மடலாகத் திருப்பி வைத்துத் தைத்தார்கள். இரண்டு ஆண்டில் அதுவும் சுருங்கிவிட்டது. இப்போது ஒரு மருத்துவர் இரண்டு கட்டமாகச் செய்யலாம் என்கிறார். இன்னொருவர் கீழேயே ஒரு வழி திறந்துவிடலாம் என்கிறார். அதைக் கேட்டதிலிருந்து அவர் சரியாகச் சாப்பிடவில்லை.


கூர்நோக்கு | வியாழன், இரவு 8.40

சகோதரி, அந்த நோய் பிறப்புறுப்புத் தோலின் நோய். அதே தோலை எடுத்துக் குழாயாக்கினால் நோயும் கூடவே உள்ளே போகிறது. ஓராண்டி 1968-இல் விவரித்த தோல் மடல் முறை மற்ற நோயாளிகளுக்கு நல்ல முறைதான். இந்த நோய் இருப்பவர்களுக்கு அது கூடாது. வாய்ச் சவ்வு மட்டுமே.

இரண்டு கட்டம் என்றால் முதலில் கெட்ட குழாயை நீக்கி, வாய்ச் சவ்வைத் தட்டையாக விரித்துப் பிடிக்கவைத்து, ஆறு மாதம்போலக் காத்திருந்து, அது மென்மையாக இருந்தால் சுருட்டிக் குழாயாக்குவார்கள். முழு நீளச் சுருக்கத்தையும் இரு கன்னங்களிலிருந்தும் சவ்வெடுத்து, விதைப்பைக்குப் பின்னால் ஒரே கீறல் வழியாக ஒரே கட்டத்தில் செய்வோரும் உண்டு. குழாயில் எவ்வளவு அகலம் மிஞ்சியிருக்கிறது என்பதைப் பொறுத்தது.

கீழே வழி திறப்பதைப் பற்றி அவரிடம் இப்படிச் சொல்லுங்கள். விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவே நல்ல குழாயைத் தோலோடு இணைத்துவிடுவார்கள். உட்கார்ந்து கழிக்க வேண்டும். சிறுநீரை அடக்கும் தசை அதற்கு மேலே இருப்பதால் கசியாது. சிறுநீர் சேகரிக்கும் பை எதுவும் கட்டிக்கொள்ள வேண்டாம். விறைப்புக்கு அதனால் தடையில்லை. விந்து மட்டும் அந்த வழியாக வெளிவரும், ஆகவே இனிக் குழந்தை வேண்டும் என்று இருந்தால் முன்பே பேசிவிடுங்கள். பல முறை தோற்ற என் நோயாளிகளில் இதை ஏற்றுக்கொண்டவர்கள் "இதை முதலிலேயே செய்திருக்கலாம்" என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். அதைத் தோல்வியாக நான் பார்ப்பதில்லை.

எதைச் செய்தாலும் தோலின் நோய்க்கு ஸ்டீராய்டு களிம்பும் தொடர் கண்காணிப்பும் தேவை. சிறிய அளவில் புற்றுநோய் ஆபத்து உண்டு என்பதால் ஆறாத புண் எதையும் விடக் கூடாது.


கல்தூண் | வெள்ளி, காலை 9.15

என் கதை வேறு. வாகன விபத்தில் இடுப்பெலும்பு உடைந்து, குழாய், அடக்கும் தசை இருக்கும் சவ்வுப் பகுதி என்ற இடத்தில் முற்றாக அறுந்துவிட்டது. அடிவயிற்றுக் குழாயோடு நான்கு மாதம். காத்திருப்பது கொடுமை, ஆனால் காயம் ஆறி, ரத்தக்கட்டு கரைந்து, முனைகள் இரண்டும் நிலைபெற மூன்று மாதமாவது வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார் என் மருத்துவர். பிறகு கீழிருந்து போய்த் தழும்பை வெட்டி, முனைகளைச் சேர்த்தார். எட்டாததால் இடுப்பு எலும்பின் அடிப்பகுதியைக் கொஞ்சம் செதுக்க வேண்டியிருந்தது. கன்னச் சவ்வு எதுவும் வைக்கவில்லை. ஏழு ஆண்டுகளாக நன்றாகப் போகிறது.

விறைப்புக் கோளாறு எனக்கு உண்டு. அது அறுவையால் அல்ல, விபத்தன்றே நரம்பும் நாளமும் சேதமானதால். அறுவைக்கு முன்பே பரிசோதித்து எழுதிவைத்தது பின்னால் வீண் குழப்பத்தைத் தவிர்த்தது.


நாணல் | வெள்ளி, மாலை 6.00

மருந்து தடவிய பலூன் வந்திருக்கிறதே, அதைப் பற்றியும் பேசுங்கள். ஆப்டிலூம். அமெரிக்காவில் 2021 டிசம்பரில் அனுமதி கிடைத்தது. ஓராண்டில் மறு சிகிச்சை தேவைப்படாதவர்கள் பலூன் பிரிவில் 83 சதவீதம், வழக்கமான முறையில் 22 சதவீதம்.


கூர்நோக்கு | வெள்ளி, இரவு 10.10

ஆம், அது உண்மையான முன்னேற்றம். விரித்த இடத்தில் பாக்லிடாக்சல் என்ற மருந்து படிந்து தழும்பின் வளர்ச்சியைத் தடுக்கிறது. அமெரிக்க சங்கமும் 2023 திருத்தத்தில், 3 செ.மீ.க்குக் குறைவான, திரும்பி வந்த பல்பார் சுருக்கங்களுக்கு அதைச் சேர்த்திருக்கிறது. கார்முகிலின் 3.5 செ.மீ. அந்த எல்லைக்கு வெளியே நிற்கிறது. 2 செ.மீ. சுருக்கத்தோடு, ஒரு வெட்டு தோற்று, வேலையை விட்டு ஒரு மாதம் விலகி இருக்க முடியாதவர் கேட்டால் நானே அதை எடுத்துச் சொல்வேன். மருந்து விந்தில் சில காலம் கலப்பதால் அதற்குப் பின் ஒரு மாதம் ஆணுறை, குழந்தைக்கு முயல்வதை ஆறு மாதம் தள்ளிவைத்தல் ஆகிய கட்டுப்பாடுகள் உண்டு.


கார்முகில் | ஒன்பது வாரம் கழித்து, சனி, இரவு 8.20

அறுவை முடிந்து ஐந்து வாரம் ஆகிறது. படத்தில் 3.5 இருந்தது திறந்தபோது 4 செ.மீ. ஆக இருந்ததாம். இடது கன்னத்திலிருந்து எடுத்து மேல்பக்கமாக வைத்தார்கள். இருபத்தொன்றாம் நாள் படம் எடுத்துக் கசிவு இல்லை என்று பார்த்துவிட்டுக் கதீட்டரை எடுத்தார்கள். நேற்று யூரோஃப்ளோ: வினாடிக்கு 24 மில்லி. முன்பு மேசை விளிம்புபோல் தட்டையாக இருந்த கோடு, இப்போது மணி வடிவில் ஏறி இறங்கியிருக்கிறது. அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன்.

குறைகளையும் சொல்ல வேண்டும். கழித்து முடித்த பிறகு சில சொட்டுகள் இறங்குகின்றன. கீழிருந்து விரலால் அழுத்தி வெளியேற்றக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். விறைப்பு முதல் மாதம் பலவீனமாக இருந்து இப்போது திரும்பி வருகிறது. விந்து வேகமில்லாமல் வருகிறது. மூன்றாம் மாதமும் பன்னிரண்டாம் மாதமும் வரச் சொல்லியிருக்கிறார்கள். பல ஆண்டு கழித்தும் சுருங்கலாம் என்பதால் பிறகும் வேகத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். நாணல், நீங்கள் இங்கே வாதாடியதால்தான் மருத்துவரிடம் சரியான கேள்விகளைக் கேட்டேன்.


தூறல் | சனி, இரவு 9.05

மிக்க மகிழ்ச்சி. என் கணவர் இந்த இழை முழுவதையும் நேற்று இரவு தானாகவே எடுத்துப் படித்தார். படித்துவிட்டு ஒன்றுதான் கேட்டார்: வாயை முழுதாகத் திறக்க எத்தனை நாள் ஆனது?


கார்முகில் | சனி, இரவு 9.30

பதினெட்டு நாள். இப்போதும் கொட்டாவி விடும்போது இடது பக்கம் லேசாக இழுக்கிறது, வலியில்லை. மூன்றாம் வாரத்திலிருந்து தினமும் காலையில் மூன்று விரல்களைச் செங்குத்தாக வைத்துப் பார்ப்பேன். நுழைந்தால் போதும் என்றார்கள். அவருக்கு வேறு ஏதாவது கேட்க வேண்டுமானால் எனக்குத் தனிச்செய்தி அனுப்பச் சொல்லுங்கள், எந்த நேரமானாலும் பரவாயில்லை.